செராமே யார் வீட்டுக் குதிரை?

அத்தியாயம் ஒன்பது

தண்ணீருக்குப் போன மாபூலே அன்று காலை ஊற்று வரைக்கும் போகவே இல்லை. பாதி வழியில், லெபூசாவின் தரிசு மேட்டில், செராமே படுத்துக் கிடந்தது.

குதிரை படுப்பது ஒரு செய்தியா என்று கேட்கலாம். மாபூலே மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவள். காலை மடக்கி வெயில் காயும் குதிரையையும், கழுத்தைத் தரையில் நீட்டிப் போட்டுவிட்ட குதிரையையும் அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். செராமே கழுத்தை நீட்டிப் போட்டிருந்தது.

வாளியை வைத்துவிட்டு அதன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கம்பளி மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த தவிட்டை எடுத்து வாயருகே நீட்டினாள். நாக்கு வெளியே வந்தது. இரண்டு தடவை நக்கியது. அப்புறம் அதற்கும் தெம்பில்லை.

செராமே என்றால் உறைபனி. சாம்பல் நிறத்தில் பிறந்ததால் வைத்த பெயர். இன்றைக்கு அதன் முதுகு முடியில் நிஜமாகவே உறைபனி ஒட்டியிருந்தது. கயிறு கழுத்தை அறுத்து, அந்த இடம் ஈரமாகப் பளபளத்தது. குளிர்கால முடி அடர்ந்திருந்ததால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் குதிரை நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். மாபூலே கையை வைத்தாள். முடிக்கு அடியில் எலும்புதான் இருந்தது.

"என்னடா தங்கம், இப்படிப் பண்ணிட்டியே," என்றாள்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு, மாபூலே கம்பளியை உதறிக்கொண்டு எழுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

லெபூசாவின் மகன் கொபானோவுக்கு மாபூலேயின் மகள் தினேயோவைக் கேட்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பரிசமாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து மாடுகள் வரும். மாடுகளோடு ஒரு குதிரையும் வந்தாக வேண்டும். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. லெபூசா எழுந்து நின்று, "குதிரை, செராமே," என்று சபையில் பெயர் சொன்னார். சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. செமொன்கொங் ஊர்க் குதிரைப் பந்தயத்தில் ஓடிய குதிரை அது. அந்த வீட்டின் பெருமையே அதுதான்.

மாபூலேயின் கணவர் செகோபே அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருந்தால் அவர் செகோபே இல்லையே!

"அதுவா? அதைவிட எங்க வீட்டுக் கோழி வேகமா ஓடும்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். லெபூசா சிரிக்கவில்லை. கூம்புத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தனைக்கும் இரண்டு பேரும் சின்ன வயதில் ஒன்றாக மாடு மேய்த்தவர்கள்.

அதற்கப்புறம் தொடங்கியதுதான் கூத்து. "சபையில பேர் சொல்லிக் கொடுத்த உருப்படி என்னுதில்ல. அது செகோபே குதிரை. அவன் வந்து ஓட்டிட்டுப் போகட்டும்," என்றார் லெபூசா. "என் பட்டிக்குள்ள காலே வைக்காத குதிரை எப்படி என்னுதாகும்? அது லெபூசா குதிரை," என்றார் செகோபே. இரண்டுமே எங்கள் வழக்கம்தான். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். குதிரைக்கு வந்த கஷ்டமே அதுதான்.

ஊர்த்தலைவர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். ஒரே மாட்டை இரண்டு பேர் தன்னுது என்று சத்தியம் செய்யும் வழக்கு அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். ஒரே குதிரையை இரண்டு பேரும் தன்னுதில்லை என்று சத்தியம் செய்ததும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆக, சபை கலைந்த அன்று லெபூசா கட்டிவிட்டுப் போன தரிசு மேட்டிலேயே செராமே நின்றது. கயிறு எட்டும் வட்டத்தில் இருந்த புல்லையெல்லாம் மேய்ந்து முடித்து, வேரைத் தோண்டித் தின்று, கடைசியில் இன்றைக்கு விழுந்துவிட்டது.

மாபூலே அவிழ்த்து விட்டிருக்கலாமே? அடுத்தவன் குதிரையின் கயிற்றில் கை வைத்தால் எங்கள் மலையில் கள்ளி என்று பெயர். வீட்டுக்கு ஓட்டி வந்தாலோ, மகளைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதனால்தான் பாவம், அவள் மடியில் தவிடு கட்டிக்கொண்டு நடந்தாள்.

இப்போது அவள் வாளியை அங்கேயே விட்டுவிட்டு மேட்டின் மேலே நடந்தாள், லெபூசாவின் வீட்டுக்கு.

லெபூசா சுவரோரம் வெயிலில் உட்கார்ந்து ஒரு சேணத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, செராமே விழுந்து கிடக்குது."

அவர் கை நின்றது. அப்புறம் மறுபடியும் தேய்க்கத் தொடங்கியது.

"உன் புருஷன்கிட்ட சொல்லு தங்கச்சி. அவன் குதிரை விழுந்ததை என்கிட்ட எதுக்குச் சொல்றே?"

"வானத்தைப் பாத்தீங்களா? சாயங்காலத்துக்குள்ள பனி கொட்டப் போகுது. கிடந்த இடத்துலயே மூடிரும்."

"உங்க வீட்டுலதான் வேகமா ஓடுற கோழி இருக்கே. அதை அனுப்பி இழுத்துட்டு வரச் சொல்லு."

மாபூலேக்குச் சுள்ளென்று ஏறியது. "நல்லா இருக்குண்ணே. ஒரு வாயில்லா ஜீவன்கிட்டயா உங்க வீம்பைக் காட்டுறது? உங்களுது இல்லேன்னா, அப்புறம் யார் குதிரைச் சேணத்துக்கு உக்காந்து எண்ணெய் போடுறீங்க?"

லெபூசா சேணத்தைப் புரட்டிப் போட்டார்.

"கொபானோ அம்மா கையால தவிடு தின்னு வளந்த குதிரை அது. அவ இன்னிக்கு இருந்திருந்தா உங்களை வீட்டுக்குள்ள விட்டிருப்பாளா?"

"செத்தவளை இழுக்காதே."

"இழுப்பேன். அவ எனக்கும் தோழிதான்."

"போ தங்கச்சி," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "சபையில சொன்ன சொல்லை நான் திருப்பி விழுங்க மாட்டேன். வீட்டுக்குப் போ."

மாபூலே வீட்டுக்குத்தான் போனாள். செகோபே அடுப்பருகே உட்கார்ந்து களியைக் கீரையில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். வறட்டிப் புகை வீடு நிறைய இருந்தது.

"தண்ணி எங்கே?" என்றார்.

"தண்ணி கிடக்கட்டும். செராமே சாகப் போகுது."

செகோபே வாய்க்குக் கொண்டுபோன உருண்டையைத் தட்டில் போட்டார். "அதான் தவிடெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினியே, இன்னுமா எழுந்திருக்கலே?"

மாபூலே திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"என்ன பாக்குறே? பன்னி தின்னுதுன்னு நீ சொன்னா நான் நம்பிருவேனா? நம்ம பன்னி இளைச்சுக்கிட்டே போகுது, தவிடு மட்டும் குறைஞ்சுக்கிட்டே போகுது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"தெரியாத மாதிரி இருந்தாத்தானே நீ போட முடியும்?"

இந்த மனிதரை என்ன செய்வது என்று மாபூலேக்குத் தெரியவில்லை. திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. நாற்பது வருஷத்தை நெருங்கும் தாம்பத்தியத்தில் இது அவளுக்குப் பழகிப்போன கஷ்டம்தான்.

"வாங்க, போய் ஓட்டிட்டு வந்துரலாம்," என்றாள்.

"அது மட்டும் முடியாது." செகோபேயின் குரல் மாறியது. "எனக்காகச் சொல்லலே. இன்னிக்கு அந்தக் குதிரை நம்ம பட்டிக்குள்ள வந்து, நாளைக்குச் செத்துப்போச்சுன்னு வை. செத்த குதிரைக்குப் பொண்ணு கொடுத்தான்னு ஊர் சொல்லும். என்னைச் சொன்னாப் பரவாயில்லே. அவளைச் சொல்லுவாங்க. போற வீட்டுல காலம் பூரா அதைச் சொல்லிக் காட்டுவாங்க. அவளை நினைச்சுப் பாத்தியா?"

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது.

"என்னை நினைச்சது போதும்," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

தினேயோ நின்றிருந்தாள். மலையடி மருத்துவ நிலையத்தில் உதவியாளாக இருப்பவள். பனி வரப்போகிறது, பாதை மூடிவிடும் என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். ரப்பர் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். அடுப்பில் இருந்த புளித்த கூழ்ச் சட்டியைத் துணி பிடித்து இறக்கினாள். மூலையில் கிடந்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எங்கேடி கிளம்பிட்டே?" என்றார் செகோபே.

"அது யார் குதிரைன்னு நீங்க பேசி முடிங்கப்பா. அதுவரைக்கும் அது உயிரோட இருக்கணும்ல?"

அவள் பின்னாலேயே மாபூலேயும் ஓடினாள்.

விழுந்த குதிரையை எழுப்புவது இரண்டு பெண்பிள்ளைகள் செய்யும் வேலை இல்லை. செய்தார்கள். முதலில் கூழை வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரம் ஊற்றினார்கள். அப்புறம் நெஞ்சின்மேல் உட்கார வைத்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டிவிட்டு, வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தினேயோ தான் போர்த்தியிருந்த கம்பளியை உருவிக் குதிரைமேல் போட்டாள்.

"எழுந்திருடா செராமே. எழுந்திருடா ராஜா. தூக்குங்கம்மா!"

முதல் தடவை எழவில்லை. இரண்டாவது தடவை பாதி எழுந்து முழங்காலில் விழுந்தது. மாபூலே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கத்திய வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போட முடியாது. மூன்றாவது தடவை, உடம்பெல்லாம் நடுங்க, செராமே நாலு காலிலும் நின்றது. தினேயோ முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"மேலே அண்ணன் வீட்டுக்கே ஓட்டிருவோம்," என்றாள் மாபூலே. அவள் யோசித்து வைத்திருந்தது அதுதான். வேண்டாம் என்றாலும் அவர் வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுவது.

ஆனால் மேட்டில் ஏற அதன் கால்களில் பலம் இல்லை. இழுத்தால் விழுந்துவிடும் போலிருந்தது. அது தலையைத் திருப்பிக் கீழே பார்த்தது. செகோபேயின் பட்டியில் அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டையின் வாசனை காற்றில் வந்துகொண்டிருந்தது. செராமே இறக்கத்தில் ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி வைத்தது.

"தினேயோ, கயிறை விடாதே. அந்தப் பாறை மறைவுல நிறுத்து."

"நிக்க மாட்டேங்குதும்மா!"

பாறையைத் தாண்டிற்று. ஊற்றைத் தாண்டிற்று. செகோபேயின் பட்டிக்குள் நேராக நுழைந்து, தட்டைக் குவியலில் மூக்கை வைத்துவிட்டுத்தான் நின்றது.

பக்கத்து வீட்டு மாகோலோ அப்போது சுவரில் காயவைத்த வறட்டியைப் பனிக்குமுன் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. சபையில் பெயர் சொன்ன குதிரை, மணப்பெண் கையில் கயிறு, பெண்வீட்டுப் பட்டி. இதைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்கிறவள் எங்கள் ஊரில் இல்லை. கையிலிருந்த வறட்டியைக் கீழே போட்டாள். நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள் பாருங்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நாயெல்லாம் குரைத்தது.

அடுத்த வீட்டுக்காரி வாங்கினாள். அவளிடமிருந்து அதற்கடுத்தவள். கொஞ்ச நேரத்தில் மலை முழுக்கக் குலவை.

"ஐயோ அத்தை, நிறுத்துங்க!" என்று தினேயோ கத்தியது யார் காதிலும் விழவில்லை.

செகோபே வெளியே ஓடிவந்தார். வாயைத் திறந்தார், திட்டுவதற்குத்தான். குதிரையின் இடுப்பெலும்பையும் கழுத்துப் புண்ணையும் பார்த்தார். திட்டு எங்கேயோ போய்விட்டது. தூரத்தில் நின்று கேலி பேசிய மிருகத்தை அவர் கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போனார். ஒரு வாளி நிறையக் காய்ந்த மக்காச்சோளத்தோடு திரும்பி வந்தார்.

அதற்குள் லெபூசா வந்துவிட்டார். கம்பளியை ஜம்மென்று போர்த்தி, தொப்பி வைத்து, கையில் தடியோடு, பின்னால் பாதி ஊரோடு வந்தார். ஜெயித்துவிட்ட நடை அது.

"என்ன சம்பந்தி!" என்று பட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார். "குதிரை வந்து சேந்துருச்சா? பொண்ணை எப்ப அனுப்புறே?"

செகோபே அவர் பக்கம் திரும்பவில்லை. வாளியைக் குதிரையின் வாயருகே கொண்டுபோனார்.

"டேய்! டேய் முட்டாப்பயலே!" லெபூசாவின் தடி கீழே விழுந்தது. "வாளியை எடுடா! பட்டினி வயித்துல சோளத்தைக் கொட்டுவாங்களா? குடல் முறுக்கிச் செத்துரும்டா!"

இந்த வயதில் அந்தச் சுவரை எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. தொப்பி ஒரு பக்கம் விழ, ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார். சோளம் தரையெல்லாம் சிதறியது.

"என் குதிரையைக் கொல்லப் பாக்குறியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஊர் எட்டிப் பார்த்தது.

செகோபேயின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு. மாகோலோ, உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு," என்றாள் மாகோலோ, சுவர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு. "என் குதிரைன்னாரு."

"ஊரே கேட்டுச்சு! அவன் குதிரையாம்!"

லெபூசாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. குதிரையைப் பார்த்தபடி நின்றார். கம்பளியைத் தூக்கி விலாவைத் தடவினார். கழுத்துப் புண் பக்கம் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். செராமே திரும்பி அவருடைய சட்டைக் கையை மோந்தது. அது அவரை மறக்கவில்லை.

"இதுவா... என் செராமேவா இது?" அவர் குரல் உடைந்தது. "நான் போய்ப் பாக்கவே இல்லை தங்கச்சி. பாத்தா அவுத்துட்டு வந்துருவேன்னு தெரியும். அதனாலதான் அந்தப் பக்கமே போகலே. பாவி நான்."

அவர் அழுததைப் பார்த்து மாபூலேக்கும் கண் நிறைந்தது. காலையில் அவரைத் திட்டியதில் ஒரு வார்த்தையைக் கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. ஆனாலும் அழுகை வந்தது.

லெபூசா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கயிற்றைக் கையில் எடுத்தார்.

"ஆமாடா செகோபே. என் குதிரைதான். நான் தோத்துட்டேன். ஓட்டிட்டுப் போறேன்."

வானம் தரைக்கு இறங்கிவிட்டது. முதல் பனித்துகள்கள் விழத் தொடங்கின. மேட்டில் ஏறினால் அந்தக் குதிரை வீடு போய்ச் சேராது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சபையில் சொன்ன குதிரை திரும்பிப் போனால் சம்பந்தமும் அதோடு போயிற்று என்பதும் தெரியும்.

செகோபே இதுவரை வாயால் ஜெயித்த வழக்கு எதுவும் இல்லை. இதுதான் முதல். ஊரே பார்த்திருக்க ஜெயித்திருக்கிறார். அதை அனுபவிக்க அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! மகளைப் பார்த்தார். தினேயோ கம்பளி இல்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றாள். அவள் கை குதிரையின் பிடரியிலேயே இருந்தது.

அவர் போய்ப் பட்டி வாசலில் குறுக்கே நின்றார்.

"என் பட்டிக்குள்ள வந்த குதிரையை எங்கேடா ஓட்டிட்டுப் போறே?"

லெபூசா நிமிர்ந்தார்.

"காலே வைக்கலேன்னு சொன்னேன். இப்ப நாலு காலும் உள்ளே இருக்குல்ல? இது என் வீட்டுக் குதிரை." செகோபே தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்புறம்... அந்தக் கோழி விஷயம். அது வாய்க்கொழுப்பு. எங்க கோழி அவ்வளவு வேகமா ஓடாது."

மாகோலோ மறுபடியும் குலவைக்கு நாக்கைச் சுழற்றினாள்.

"அத்தை, நிறுத்துங்க!" இந்தத் தடவை தினேயோ போட்ட சத்தத்தில் மாகோலோவின் வாய் அப்படியே நின்றது. "பெரியவங்க ரெண்டு பேரும் கொடுத்தாச்சு, வாங்கியாச்சு. நடுவுல நான் ஒருத்தி நிக்கிறேன். சாகக் கூடாதுன்னு ஓட்டிட்டு வந்தேன். கல்யாணத்துக்காக ஓட்டிட்டு வரலே. என்னை யாரு கேட்டீங்க?"

அதற்கு யாராவது பதில் சொல்லியிருப்பார்களோ என்னவோ. அதற்குள் செராமேயின் பின்னங்கால்கள் மடங்கின.

"பிடி! பிடி! படுக்க விடாதே!" லெபூசா ஒரு பக்கம் பாய்ந்து தோளைக் கொடுத்தார். செகோபே மறுபக்கம் பாய்ந்தார். "இப்ப படுத்தா அப்புறம் எழுந்திருக்காது!"

இரண்டு பேருமாகத் தாங்கி, கூரை போட்ட மூலைக்கு அதை அடி அடியாக நகர்த்தினார்கள். ஆளுக்கொரு பக்கம் தோளை முட்டுக் கொடுத்து நின்றார்கள். ஒருவர் நகர்ந்தால் குதிரை சாய்ந்துவிடும். அதனால் இரண்டு பேருமே நகர முடியாது. ஊர் கலைந்தது. பனி கொட்டியது. மாபூலே கற்றாழையைக் கீறிப் புண்ணில் தடவிக்கொண்டே இரண்டு பேரையும் மாறி மாறித் திட்டினாள். குதிரைக்கு மேலாக அவர்களும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். பழைய நாள் மாதிரி இருந்தது.

தினேயோவின் போன் அடித்தது. தலைநகர் மசேருவிலிருந்து கொபானோ. அங்கே ஒரு கடையில் வண்டி ஓட்டுகிறவன். குலவை அதற்குள் அவ்வளவு தூரம் போயிருந்தது.

"குதிரையை உங்கப்பா ஏத்துக்கிட்டாராமே?"

"ஏத்துக்கிட்டாரு. உங்கப்பாவும் இங்கேதான் இருக்காரு. ரெண்டு பேரும் குதிரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"பட்டிக்குள்ள ஓட்டிட்டு வந்தது யாரு?"

"நான்தான்."

"அப்படின்னா நான் கிளம்பி வரட்டுமா தினேயோ?"

அவள் பட்டி மூலையைப் பார்த்தாள். அவளுடைய கம்பளி குதிரைமேல் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு இருந்தது.

"காலையில செராமே யாரும் பிடிக்காம தன் கால்ல நிக்குதான்னு பாப்போம்," என்றாள். "நின்னா வா. வந்து அவங்க யார்கிட்டயும் பேசாதே. என்கிட்ட கேளு."

"கேட்டா என்ன சொல்லுவே?"

அவள் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூலையிலிருந்து லெபூசாவின் குரல் பதறியது.

"சம்பந்தி, உன் பக்கம் சாயுது! பிடிடா, சம்பந்தி!"

தினேயோ போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.